நேர்ந்துவிட்ட கப்பல்

ஆண்ட்ரூஸ் கடைசி முடிச்சைப் போட்டு, மிச்ச நூலைச் சவரப் பிளேடால் அறுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒன்றே முக்கால் வருஷ வேலை அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு முடிந்தது. மூன்று பாய்மரம், பதினோரு பாய், பார்த்தால் தலைசுற்றுகிற அளவுக்குக் கயிறு என்று ஒரு மரக்கப்பல் மேசையை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் மனைவி அஞ்சலின் அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிட்டுட்டி" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு குழைவை அவள் கேட்டது மகன் பிறந்த அன்றைக்குத்தான்.

நல்லாயிருக்கு என்றாள். அந்தக் கப்பல் அவருடையது இல்லை. பதினாலு மாதமாக அது மாதாவுடையது. அவள்தான் நேர்ந்துவிட்டிருந்தாள். அது அவளுக்கும் மாதாவுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

கோவில்பட்டியில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். ஆனால் அவர்களுடைய ஒரே மகன் மிக்கேல்ராஜ் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். முந்தின கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் அவன் லீவில் வந்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கினேன் என்று நீளமான ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையில் அழகான கப்பல் படம். திறந்தால் உள்ளே கப்பலைக் காணோம். கட்டுக் கட்டாகக் குச்சி, எண் போட்ட பலகைத் துண்டுகள், நூல் கண்டு, ஊசியைவிடச் சின்னப் பித்தளை ஆணி, மடித்து மடித்து வைத்த பெரிய வரைபடத் தாள்கள்.

அஞ்சலின் சிரித்துவிட்டாள். "ஒங்கப்பா நாப்பது வருசமா குச்சியத்தாம்லே பாத்தாவ. அதுக்குப் பெறகும் கடல் தாண்டிப் போயி குச்சியா வாங்கிட்டு வந்திருக்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆண்ட்ரூஸ் நாற்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற பிரிவில் இருந்தவர். இந்த ஊரில் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் அவரைக் குமாஸ்தா என்று நினைத்துக்கொள்வார்கள், அவரும் திருத்த மாட்டார். விரல் நுனிகள் மருந்து பட்டுப் பட்டு வழவழவென்று ரேகை அழிந்துபோயிருந்தன. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் ஆளே இல்லை என்று சொல்லும். அந்த விரலை வைத்துக்கொண்டுதான் அவர் ஊசி ஆணியைப் பிடித்தார்.

முதலில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளக்கட்டை. அதில் விலா எலும்பு மாதிரிப் பதினாலு சட்டங்கள். அதன்மேல் ஒரு விரல் அகலம்கூட இல்லாத மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டி ஆணி அடிக்க வேண்டும். பட்டை வளைய வேண்டுமானால் ஆவியில் வேக வேண்டும் என்று பெட்டியிலிருந்த தாளில் படம் போட்டிருந்தான். ஆண்ட்ரூஸ் அவளுடைய இட்லிக் கொப்பரையை எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு அந்த வீட்டு இட்லியில் மரவாடை வீசியது. அவர் தின்றார், வாடை வந்ததே தெரியவில்லை. துணிக் கிளிப் போச்சு, கொண்டை ஊசி போச்சு, பலகாரத்துக்கு வைத்திருந்த இடுக்கி போச்சு. அது எதுவும் அவளுக்குப் பெரிசில்லை. மனுஷன் வாயைத் திறந்து பேசுவது நின்றுபோனதுதான் பெரிசாகப் பட்டது. பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணன் ஒங்களுக்குச் சக்களத்தி செய்யுதாவளே" என்று கேலி பேசிவிட்டுப் போனாள். அன்றைக்கு அஞ்சலினும் சிரித்தாள். பிற்பாடு நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம். கப்பலின் மேல்தளத்துக்கு ஒட்ட வேண்டிய மெல்லிசுப் பட்டைகளை அளவாக நறுக்கி அடுக்கி வைத்திருந்தார். அஞ்சலின் கல்யாணத்துக்கு முன்னால் ஆபீஸில் கட்டை அடுக்கியவள். குச்சியைச் சட்டத்தில் வரிசை பிசகாமல் அடுக்குவதற்கு அந்தப் பிரிவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. அவர் வருவதற்குள் முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்தில் தளம் முழுவதையும் ஒட்டி முடித்தாள். முனையெல்லாம் ஒரே கோட்டில், நூல் பிடித்தது மாதிரி நின்றது.

அவர் வந்தார், பார்த்தார், பையைக் கீழே வைத்தார். மேசைக் கத்தியை எடுத்து ஒவ்வொரு பட்டையாக நெம்பி எடுக்க ஆரம்பித்தார். கப்பல் தளத்தில் முனைகள் ஒரே கோட்டில் வரக்கூடாதாம். செங்கல் வைக்கிற மாதிரி மாறி மாறி வர வேண்டுமாம். ஒரே கோட்டில் வந்தால் முதல் அலையிலேயே அந்தக் கோட்டோடு பிளந்துவிடுமாம். மேசையை விட்டு நகராத கப்பலுக்கு எந்த அலை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இது தீப்பெட்டி இல்லட்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நெம்பி எடுத்த பட்டைகளைக் கூட்டி அள்ளி அவள்தான் குப்பையில் போட்டாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் மிக்கேல்ராஜிடமிருந்து போன் வருவது நின்றது. செங்கடல் பக்கம் கப்பல்களைச் சுடுகிறார்கள் என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவன் கப்பல் அந்த வழியாகத்தான் போகிறது என்று அதற்கு முந்தின வாரம் சொல்லியிருந்தான். ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். சென்னையில் அவனை அனுப்பிய ஏஜென்சியின் நம்பரைக் கூப்பிட்டால் பாட்டுத்தான் பாடியது. அஞ்சலின் சோற்றில் கை வைக்கவில்லை. ஆண்ட்ரூஸ் கப்பல் மேசையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார். ஏதாவது சொல்லுங்களேன் என்று அவள் கேட்டபோது, என்னத்தைச் சொல்ல என்றார். அவள் அழுதாள். தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம். மூவேளைச் செபத்துக்கு மணியடித்தது. அவள் சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். அவள் பிறந்த ஊர் கடம்பூருக்குத் தெற்கே. அங்கே ஒரு சின்ன மாதா கோவில் உண்டு. எந்த நேர்ச்சையானாலும் அந்த மாதாவுக்குத்தான். பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வந்தால், என்று ஆரம்பித்தாள். என்ன தருவது என்று கண் வீட்டைச் சுற்றி வந்தது. கையில் வளையல் கிடந்தது. கழுத்தில் செயின் கிடந்தது. கண் போய் நின்றது கப்பலில். "இந்தக் கப்பலை முடிச்சதும் ஒனக்கே கொண்டாந்து தாரேன் தாயே" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆண்ட்ரூஸ் அப்போது ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு மகன் கூப்பிட்டான். கப்பல் பாதையை மாற்றிச் சுற்றிக்கொண்டு போயிற்றாம், நெட் இல்லையாம், வேறொன்றும் இல்லையாம். எதற்கம்மா அழுகிறாய் என்று சிரித்தான்.

பிறகு பதினாலு மாதம் அவள் சொல்லவில்லை. கப்பல்தான் முடியவில்லையே, முடியட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு பாய்மரமாக எழும்ப எழும்ப, ஒவ்வொரு கயிறாக ஏற ஏற, மாதாவுக்கு ஏற்றதாகத்தான் ஆகிறது என்று ஒரு பக்கம் பூரித்தாள். இன்னொரு பக்கம் திருட்டுப் பொருளை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவள் மாதிரித் திரிந்தாள்.

கப்பல் முடிந்த மறுநாள், பஜாரில் படத்துக்குச் சட்டம் போடுகிற சங்கிலிப்பாண்டி அளவுநாடாவோடு வந்தார். ஆண்ட்ரூஸ் கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லிவிட்டிருந்தார். சங்கிலிப்பாண்டி கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாமி படத்துக்கும் செத்தவர்கள் படத்துக்கும் சட்டம் போட்டே காலம் போச்சு, முதல் தடவையாக ஒரு உருப்படியான பொருளுக்குப் போடப்போகிறேன் என்றார். நீளம், அகலம், உயரம் எடுத்துக் கையில் எழுதிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி" என்றார். "பெட்டிய இங்கன வச்சுத்தான் சேக்கணும். சேத்த பெறகு இந்த வாசல் வழியா வெளிய போவாது. எந்த எடம்னு இப்பமே முடிவு பண்ணிருங்க."

"இங்கனதான். எங்க போவப் போவுது" என்றார் ஆண்ட்ரூஸ். பிறகு, யாரிடமும் அதிகம் பேசாத மனுஷன், அவரிடம் பேசினார். "நாப்பது வருசம் வேலை பாத்தேன் பாண்டி. கோடிக்கணக்குல குச்சி எங்கையால முங்கியிருக்கும். அதுல ஒண்ணாவது இன்னைக்கு ஒலகத்துல இருக்கா? அம்புட்டையும் ஒரசி எறிஞ்சுட்டானுவ. இது ஒண்ணுதான் நான் செஞ்சதுன்னு நிக்கும்."

அஞ்சலின் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். இனிமேலும் சொல்லாவிட்டால் கண்ணாடி வந்துவிடும். லீவு முடிந்த மகன் சென்னையில் கப்பலேறுவதற்கான மெடிக்கல் டெஸ்ட்டை முடித்துவிட்டான், செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி மறுபடி கப்பல் ஏறுகிறான். மாதா கோவில் திருவிழா எட்டாம் தேதி. வாங்கின வரத்துக்குக் கடனைத் தீர்க்காமல் பிள்ளையைத் தண்ணீரில் அனுப்புவதா?

"பெட்டி வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.

சங்கிலிப்பாண்டி அவளைப் பார்த்தார், ஆண்ட்ரூஸைப் பார்த்தார். நீங்க பேசிக்கிட்டுச் சொல்லி விடுங்க என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். காப்பி அப்படியே இருந்தது.

அவள் சொன்னாள். டி.வி. செய்தி, பாட்டுப் பாடிய நம்பர், பத்தாம் நாள், மத்தியான மணி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் அவர் கேட்டார்.

"ஒங்கையில ரெண்டு வளையல் கெடந்துச்சுல்லா?"

"கெடந்துச்சு."

"அதை விட்டுட்டு இதை எதுக்குட்டி நேர்ந்த?"

"வீட்டுல எதும்மேல உசுரா இருக்கோமோ, அதத்தான குடுக்கணும். எனக்கு வளையல்மேல என்ன உசுரு."

"எனக்குக் கப்பல்மேல உசுரு."

"ஆமா."

"கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடச்சிருக்க" என்றார்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை. அந்த மத்தியானம் முழங்காலில் நின்றபோது, பிள்ளை வர வேண்டும் என்ற நினைப்புக்கு அடியில் இன்னொரு நினைப்பும் கிடந்தது. நான் மட்டும்தான் அழ வேண்டுமா, இந்த மனுஷனும் ஒன்றை இழக்கட்டுமே என்று. அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

சாயங்காலம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அடுத்தவர் பொருளை நேர்ந்தால் அது நேர்ச்சையே ஆகாதாம். அதற்குப் பதில் ஒரு பூசைக்குப் பணம் கொடுத்து, மெழுகுவர்த்தி ஏற்றினால் போதுமாம். மாதா ஒன்றும் கடன்காரி இல்லை என்று சாமியார் சிரித்தாராம்.

அஞ்சலின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தச் சாமியாருக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"நீங்களே வச்சுக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. பன்னெண்டாந்தேதி அவன் ஏறுவான். நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் கண்ணாடிப் பெட்டியப் பாத்துக்கிட்டு இந்த வீட்டுல ஒங்களால இருக்க முடியுமான்னு மட்டும் ரோசிச்சுக்கிடுங்க."

அது கேள்வி இல்லை, கழுத்தில் வைத்த கத்தி. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்தாள். ஆண்ட்ரூஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் காலையில், லோடு ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு, எட்டாந்தேதி காலையில் வந்துவிடும் என்றார்.

போகிற வழியெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பழைய மெத்தையை விரித்து அதன்மேல் கப்பலை வைத்து, வெள்ளை வேட்டியால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அஞ்சலின் டிரைவர் பக்கத்தில். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கரிசல் உழுதுபோட்டுக் கிடந்தது. மழையைக் காணோம். காற்றுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஒரு திருப்பத்தில் வேட்டி பறந்துவிட்டது. அவள் முதுகுப் பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு பாயும் புடைத்துக்கொண்டு நின்றன. கரிசல்காட்டையும் காற்றாலைகளையும் தாண்டிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. ஆண்ட்ரூஸ் முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்திருந்தார். முகம் தெரியவில்லை.

கோவில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் கப்பலை வாங்கிப் பீடத்துக்குக் கீழே வைத்தார். இந்த ஊருக்கு இப்படி ஒரு நேர்ச்சை வந்ததே இல்லை என்றார். வெள்ளிக் கண், வெள்ளிக் கால், மெழுகுப் பிள்ளை, கோழி, கிடாய், தென்னங்கன்று, இதுதான் வரும். கூட்டம் கப்பலைச் சுற்றிக்கொண்டது. யார் செய்தது என்று கேட்டார்கள். ஆண்ட்ரூஸ் சொன்னார். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆவியில் வேகவைத்ததைச் சொன்னார். தளத்துப் பட்டையின் முனை ஏன் மாறி மாறி வர வேண்டும் என்பதைச் சொன்னார். அவர் இவ்வளவு பேசி அஞ்சலின் பார்த்ததில்லை. பரவாயில்லை என்று நினைத்தாள். மாதா காலடியில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இப்படி நின்று பேசிவிட்டுப் போகட்டும். இரண்டு பேருக்கும் பொதுவாகிப் போச்சு. அன்றைக்கு அவள் தம்பி வீட்டில் தங்கினார்கள். பல மாதத்துக்கு அப்புறம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கொடியிறக்கினார்கள். கோவிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் ஏலத்துக்கு ஆட்கள் கூடினார்கள். முதலில் கோழிகள் போயின. பிறகு கிடாய்கள். பிறகு இரண்டு பேர் கப்பலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அஞ்சலின் ஓடிப்போய் உபதேசியாரிடம் கேட்டாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாததா தாயி? உசுரு இருக்கதும் எடத்தை அடைக்கதும் ஏலத்துக்குத்தான்" என்றார்.

தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். வெள்ளி உண்டியலுக்குப் போகும். ஆடும் மாடும் வாழைத்தாரும் ஏலத்துக்கு வரும். நேர்ந்தபோது அவளுக்கு நினைவிருந்தது பிள்ளை மட்டும்தான். கப்பல் இடத்தை அடைக்கும் என்று தோன்றவே இல்லை.

அந்த ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நேர்ந்த பொருளை நேர்ந்தவர் வீட்டுக்கே ஏலத்தில் எடுத்துப்போகக் கூடாது. கொடுத்ததைப் பறித்ததாகிவிடும். சிவனாண்டி என்று ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், நேர்ந்த கிடாயைப் பார்த்து மனசு கேட்காமல் தானே ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கார்த்திகையில் அவர் மகளைப் பாம்பு தீண்டியது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் எடுத்ததில்லை.

உபதேசியார் கப்பலைப் பெஞ்சின்மேல் வைத்து, யாராவது கேளுங்க என்றார். கோழிக்கும் கிடாய்க்கும் முண்டியடித்த கூட்டம் இதற்கு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றது. அப்போது ஆண்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஆண்ட்ரூஸ். ஒரு தொகையைச் சொன்னார். சின்னத் தொகை இல்லை. எங்கே வைத்திருந்தார், எப்போது எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. ஏலம் உண்டு என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா? லோடு ஆட்டோவுக்குச் சொன்ன அன்றைக்கே தெரிந்திருந்ததா?

செய்தவர் கேட்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் மேலே கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், நல்ல சிரிப்புத்தான். உபதேசியாரும் சிரித்தார்.

"ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்."

அஞ்சலின் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க அண்ணாச்சி. அது எங்க வீட்டு நேர்ச்சை. எங்க வீட்டுக்கே திரும்பக் கூடாது."

உபதேசியாருக்கு அதை எப்படியாவது முடித்துவிட ஆசை. அவர் கேட்டார்: "நேர்ந்தது யாரு தாயி? நீயா, அவியளா?"

"நாந்தான்."

"அப்பம் என்ன. நேர்ந்த கைக்குத்தான் திரும்பக் கூடாது. அவிய வேற கைதான. எடுத்துக்கிடட்டும்."

ஆமா ஆமா என்று நாலைந்து குரல் கேட்டது. வயசான ஒரு அம்மா அவள் சேலையைப் பிடித்து, உட்காருட்டி என்றாள். ஆண்ட்ரூஸ் அவளைப் பார்த்தார். தூக்கிய கையை அவர் இன்னும் முழுசாக இறக்கவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவர் கெஞ்சுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்துவிட்டால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். உட்கார்ந்தால் முடிந்தது.

அவளுக்குப் பன்னிரண்டாம் தேதி நினைவுக்கு வந்தது. பாட்டுப் பாடிய நம்பர் நினைவுக்கு வந்தது.

"ஒரே ஒலைச் சோறு திங்கோம் அண்ணாச்சி" என்றாள். "அவிய கை வேற, எங்கை வேறன்னு எப்படிச் சொல்ல?"

உபதேசியார் கூட்டத்தின் பக்கம் திரும்பி, வேற யாராவது கேளுங்க என்றார். ஆண்ட்ரூஸின் கை இறங்கியது.

பைபாஸ் ரோட்டில் ஹோட்டல் வைத்திருக்கிற பேச்சிராஜா ஒரு தொகை சொன்னார். ஆண்ட்ரூஸ் சொன்னதைவிடக் கம்மி. மூன்று தரமும் சொல்லி முடித்தார்கள். பேச்சிராஜா வெள்ளந்தியான ஆள். வருஷா வருஷம் மாதாவுக்குத் தவறாமல் வருகிறவர். ஆண்ட்ரூஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன், சாப்பிட வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள் என்றார். கப்பலின் ஒரு பக்கம் ஆண்ட்ரூஸும் மறுபக்கம் தானுமாக நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்.

"லைட்டு எரியுமாண்ணாச்சி இதுல?" என்று கேட்டார்.

"எரியாது."

"அதுக்கென்ன, போட்டுக்கிடலாம். சீரியல் செட்டு ஒண்ணச் சுத்தி விட்டா ஜோரா இருக்கும்."

ஆண்ட்ரூஸ் தலையாட்டினார். பேச்சிராஜாவின் ஆட்கள் கப்பலைக் காரில் ஏற்ற வந்தார்கள். ஒருவன் நடுப் பாய்மரத்தைப் பிடித்துத் தூக்கப் போனான். "கயித்தப் பிடிக்காதீங்க தம்பி. அடியில கை குடுத்துத் தூக்குங்க" என்றார். அவரும் ஒரு கை கொடுத்தார். பின் சீட்டில் வைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தார். கதவைச் சாத்தும்போது பாய் நுனி மாட்டாமல் பார்த்துச் சாத்தினார். கார் போன பிறகும் ரோட்டில் புழுதி அடங்கும் வரை நின்றார்.

தம்பி வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். ஆண்ட்ரூஸ் பசிக்கவில்லை என்றுவிட்டார். இருவரும் பஸ் நிற்கிற புளியமரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அங்கே வேறு ஆள் இல்லை. மகன் கூப்பிட்டான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, நேர்ச்சையைக் கொடுத்தாச்சு என்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள். ஏலத்தில் அவள் எழுந்து நின்றதைச் சொல்லவில்லை.

"இதுக்கா அப்பா ஒரு மாதிரி இருக்காவ?" என்றான் மிக்கேல்ராஜ். "அப்பா, இந்தத் தடவை வரும்போது வேற ஒண்ணு வாங்கிட்டு வாரேன். இதவிடப் பெருசா இருக்கு."

ஆண்ட்ரூஸ் போன் பக்கமாகக் குனிந்தார். "வேண்டாம்யா. நீ பாத்துப் போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். மகன் அம்மாவிடம் பெட்டி எப்படி அடுக்க வேண்டும், என்ன ஊறுகாய் வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு வைத்தான்.

தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது. அஞ்சலின் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். ஏதாவது திட்டுவார் என்று காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். திட்டினால் அவளும் திட்டலாம். தளத்துப் பட்டையை நெம்பி எடுத்ததைச் சொல்லலாம். பத்து நாள் ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்லி அழுது முடித்துவிடலாம்.

பஸ் வந்து நின்றது. முன்வாசலில் நல்ல கூட்டம். ஆண்ட்ரூஸ் ஒதுங்கி, ஏறுவதற்கு வழிவிட்டு நின்றார்.

"நீங்க ஏறுங்க" என்றார். "நான் பின்பக்கமா ஏறிக்கிடுதேன்."

யாரை நீங்க என்கிறார் என்று அஞ்சலின் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.